மூச்சு வாங்காத கம்பவுண்டர்

கம்பவுண்டருக்கு மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சாமியிடம் வேண்டிக்கொள்கிற அளவுக்கு ஆசைப்பட்டேன். எங்கள் ஊர் அடி அண்ணாமலை. அதைத் தாண்டினால் வாயு லிங்கம். பால் கேனோடு அந்தக் கோயிலைக் கடக்கும்போது சைக்கிளை நிறுத்தாமலேயே ஒரு கையை எடுத்துக் கும்பிட்டு, 'காத்துக்கு அதிபதி நீதான், அந்த ஆளுக்கு ஒரே ஒரு தடவை மூச்சு வாங்க வை' என்று கேட்பேன். மற்றவர்கள் அந்தச் சாமியிடம் ஆஸ்துமா தீர வேண்டும் என்று கேட்பார்கள். நான் இதைக் கேட்டேன்.

அவருக்கும் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். ஊருக்கு அவர் கம்பவுண்டர். தேரடிக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் இருந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த சிவப்பு மருந்தைக் கலக்கி, சீசாவில் ஊற்றி, அளவு காட்டக் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டிக் கொடுப்பார். ஊசியும் அவர்தான் போடுவார். ஆளைப் பார்த்தால் காற்றடித்தால் செங்கத்தில் போய் விழுந்துவிடுவார் என்று தோன்றும். வேட்டியை மடித்துக் கட்டினால் இரண்டு புடலங்காய் தெரியும், அதுதான் கால். ஆனால் வாய் மட்டும் ஓயாது. மருந்து கலக்கும்போதும் பேச்சு, ஊசி ஏற்றும்போதும் பேச்சு. எதிரில் இருப்பவர் வீட்டில் என்ன குழம்பு, எந்த மாமியாருக்கு முட்டி வலி, எந்த மாடு பால் வற்றிவிட்டது, எல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

நான் பால்காரன். விடியற்காலையில் கறந்து, இரண்டு பக்கமும் கேனை மாட்டிக்கொண்டு, குபேர லிங்கம் வழியாக டவுனுக்குப் போய் ஓட்டல்களுக்கும் வீடுகளுக்கும் ஊற்றிவிட்டு, செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைக் கடந்து ஊர் திரும்புவேன். போக ஒரு பாதி, வர ஒரு பாதி. தினமும் மலையை ஒரு வலம் வந்தாகிவிடும். புண்ணியத்துக்குப் புண்ணியம், கால் பலத்துக்குக் கால் பலம். பொங்கலுக்கு வாலிபர் சங்கம் மலையைச் சுற்றி சைக்கிள் ரேஸ் விடும். பரிசு ஒரு எவர்சில்வர் குடம். எங்கள் வீட்டில் மூன்று குடம் வரிசையாக இருந்தது. டவுனில் என்னைப் பால்காரர் என்று யாரும் கூப்பிட்டதில்லை. "ரேஸ்காரரு வந்துட்டாரு, பாத்திரம் எடுத்துனு வா" என்றுதான் ஓட்டலில் குரல் கொடுப்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே நான் பெல்லைக் கூடுதலாக அடிப்பேன்.

குடம் ஜெயித்ததில் காலுக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பங்கு மூளைக்கு. மலை சுற்றுகிறவர்கள் இடது ஓரமாகவே போவார்கள். மலையை ஒட்டிய வலது பக்கம் கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் நடக்கிற வழி, அதை மிதிக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். ஆகவே நான் ரேஸில் முன்னால் வந்ததும் இடது பக்கத்தை அடைத்துக்கொண்டு ஓட்டுவேன். பின்னால் வருகிறவன் முந்த வேண்டுமானால் மலைப் பக்கம் ஏற வேண்டும். ஏறமாட்டான். பயந்துகொண்டு என் பின்னாலேயே தேரடி வரைக்கும் வருவான். இதைத் தந்திரம் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். சட்டத்தில் தடை இல்லை.

நாலாவது வருஷம் கம்பவுண்டர் பேர் கொடுத்தார். சங்கத்துப் பையன்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கக்கூட இல்லை, அவ்வளவு அலட்சியம். தேரடியில் கிளம்பி, ஆசிரமம் தாண்டி, வழக்கம்போல முன்னால் வந்து, வழக்கம்போல இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊர் வந்தது. சனம் இரண்டு பக்கமும் நின்று கத்தியது. என் வீட்டுக்காரி கையில் மோர்ச் சொம்போடு நின்றாள். நெஞ்சு வெடித்துவிடும்போல மிதித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என் வலது தோளுக்குப் பக்கத்தில், டாக்டர் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்குகிற அதே குரல் கேட்டது.

"இன்னா பால்காரரே, எருமை சினையா இருக்குதுன்னாங்களே, கன்னு போட்டுச்சா? கெடேரியா, கடாவா?"

திரும்பிப் பார்த்தேன். மலைப் பக்கத்தில், சித்தர்கள் வழியில், சாவகாசமாக ஓட்டிக்கொண்டு வருகிறார். வாய் மூடியிருக்கிறது, மூக்கால் மூச்சு விடுகிறார். பதிலுக்காகக் காத்திருக்கிறார். கெடேரி என்று சொல்ல எனக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. 'கெ' என்பது வரைக்கும் வந்தது. "இருக்கட்டும், அப்புறமா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். என் வீட்டுக்காரி சொம்பை நீட்டியபடியே அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மோர் வாங்காமலே போனேன்.

முடிந்ததும் சங்கத் தலைவரிடம் சண்டைக்குப் போனேன். மலைப் பக்கம் ஏறி முந்தினார், வழக்கத்தை மீறிவிட்டார், குடத்தை எனக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றேன். தலைவர் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "சித்தருங்க யாராவது வந்து கம்ப்ளைண்ட் குடுத்தா பாக்கலாம்" என்றார். கூட்டம் சிரித்தது. அந்த வாரமே ஓட்டலில் என்னைப் பார்த்து, "பால்காரர் வந்துட்டாரு" என்று குரல் கொடுத்தார்கள். ரேஸ்காரர் பட்டம் தேரடிப் பக்கம் போய்விட்டது. அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல்தான். எந்தச் சிவப்பு மருந்துக்கும் அது அடங்கவில்லை.

அவர் எப்படி ஓட்டிப் பழகினார் என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் கோட்டை விட்டேன், அதுதான் கொடுமை. ஆஸ்பத்திரிக்கும் பால் ஊற்றுகிறவன் நான். பின்னறையில் காலி சீசாக்கள் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே அவருடைய சைக்கிள் நின்றிருந்தது. பின் ஸ்டாண்டைப் பலகையில் வைத்து முடுக்கியிருந்தார். அந்தரத்தில் நிற்கிற பின் சக்கரத்தின் மேல் ஒரு தோல் வார். வாரின் முனையில் ஒரு செங்கல் தொங்கிற்று. செங்கல் இழுக்க இழுக்க வார் சக்கரத்தை அழுத்தும், மிதிக்கக் கனம் வரும். அதன்மேல் உட்கார்ந்து விடியற்காலையில் மிதித்துக்கொண்டிருப்பார். எங்கேயும் போகமாட்டார். "இன்னா கம்பவுண்டரே, செங்கம் போய்ச் சேந்துட்டீங்களா?" என்று கேட்டேன். "இப்பதான் அஸ்திவாரம் போட்டுனு இருக்கறேன்" என்றார். இதை டீக்கடையில் சொல்லி நான் ஊரையே சிரிக்க வைத்தேன்.

செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரருக்குக் காய்ச்சல் வந்தபோது, இவர்தான் தினம் போய் ஊசி போட்டார். அந்த மனிதர் வாலிபத்தில் தன் தேசத்தில் சைக்கிள் பந்தயம் ஓட்டியவராம். அங்கே பனிக்காலத்தில் ரோடு மூடிவிடும், அப்போது வீட்டுக்குள்ளேயே சைக்கிளை நிறுத்தி மாதக்கணக்கில் மெதுவாக மிதிப்பார்கள், நெஞ்சுக்கு அதுதான் அஸ்திவாரம் என்று அவர் சொல்லியிருக்கிறார். கேட்கிற ஆயிரம் பேரில் ஒருத்தன் செய்வான் இல்லையா, அந்த ஒருத்தன் இவர்.

ஆடிப்பெருக்கு கழிந்ததும் சைக்கிளில் ஏறுவார். கார்த்திகை தீபம் வரைக்கும் ஒரே நிதானம். வேகம் ஏறுகிறதா என்று பார்க்க அவருக்கு இரண்டு சாட்சிகள் இருந்தன. ஒன்று, அலமாரியில் இருந்த சீசாக்கள். அவை ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தால் வேகம் ஜாஸ்தி, உடனே குறைத்துவிடுவார். இன்னொன்று, பேச்சு. நடுவில் மூச்சு இழுக்காமல் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். அதற்காகவே எதிரில் ஒரு பெஞ்சு போட்டு, வருகிறவர்களை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுப்பார். வாரத்துக்கு வாரம் மிதிக்கிற நேரத்தை மட்டும் கொஞ்சம் கூட்டுவார். மூன்று வாரம் கூட்டினால் நாலாவது வாரம் பாதியாக்கிவிடுவார், உடம்பு வாங்கிக்கொள்ள வேண்டுமாம். மார்கழி பிறந்தால்தான் வாரத்தில் ஓரிரு நாள் வேகம். அன்றைக்குத் தெருவில் போகிறவர்களுக்குக்கூட சீசாக்கள் குலுங்குகிற சத்தம் கேட்கும். பொங்கல் வருகிறது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

இவ்வளவு மெதுவாக ஓட்டினால் எப்படி வேகம் வரும் என்று ஒரு நாள் கேட்டேன். தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை, மடக்கத்தான் கேட்டேன்.

"நீங்க பால்காரரு, உங்களுக்குத் தெரியாததா? சின்னத் தீயில காயற பாலுக்குத்தான் ஏடு கெட்டியா நிக்கும். பெருந்தீ வச்சா பொங்கி அடுப்புல போயிடும்" என்றார், மிதித்துக்கொண்டே.

என் பாலை எடுத்து எனக்கே காய்ச்சிக் காட்டினார். கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அவர்தான். குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்றைக்கு என் வீட்டுக்காரி, கம்பவுண்டர் பேசிக்கொண்டே போட்டுவிட்டார், பிள்ளை அழவே இல்லை என்று தெருவெல்லாம் சொன்னாள். அவளுடைய அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா என்று விசாரித்தாராம். அந்த ஆள் அன்பினால் விசாரிக்கவில்லை, தன் மூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளப் பேச்சுக் கொடுக்கிறார், அது வெறும் பழக்கம் என்று அவளுக்கு விளக்கினேன்.

"இன்னாத்துக்குக் கேட்டா இன்னா? கேக்கறாரு இல்ல. எங்கம்மா முட்டிய பத்தி நீ என்னிக்காவது கேட்டியா?" என்றாள்.

கேட்டதில்லை. அதற்காக அவரைப் புகழ வேண்டுமா?

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். என் கண்ணில் அவ்வளவு கொள்ளி இருந்தும் அந்த மனிதருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அலமாரியில் ஏதோ டானிக்கை ஒளித்து வைத்துக் குடிக்கிறார் என்று ஒரு சமயம் எனக்குச் சந்தேகம். உடம்பு அசதி என்று போய் நின்று, நீங்கள் குடிப்பதையே எனக்கும் கொடுங்கள் என்றேன். என் கைநாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். ரேஸில் ஜெயித்த குடத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, காத்திருக்கிற நோயாளிகள் குடிக்க வாசலில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். அந்தக் குடத்துத் தண்ணீர். எனக்கு வர வேண்டிய குடம். தொண்டை வறண்டு கிடந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு அங்கே இரண்டு குடமாயிற்று, மூன்றாயிற்று. ஊரே குடித்தது. என் வீட்டுக்காரியும் குடித்துவிட்டு, தண்ணீர் ஜில்லென்று இருந்தது என்றாள்.

அவர் செய்வதையே செய்து அவரை அடிக்கலாம் என்று பார்த்தேன். மாட்டுக் கொட்டகையில் என் சைக்கிளை நிறுத்தி, வார் கட்டி, செங்கல் தொங்கவிட்டேன். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் என் கண் முன்னால் அந்தப் புடலங்காய்க் கால் சுற்றும். "கெடேரியா, கடாவா?" என்று குரல் கேட்கும். அவ்வளவுதான், பேய் பிடித்த மாதிரி மிதிப்பேன். செங்கல் ஆடும், பலகை நடுங்கும், எருமை மிரண்டு கயிற்றை இழுக்கும். ஒரு நாள் அது பாலை அடக்கிக்கொண்டு ஒரு சொட்டு விடவில்லை. "ரேஸுல ஒரு குடம் போனது போதும், வீட்டுப் பாலும் போவணுமா?" என்று என் வீட்டுக்காரி வாரை அவிழ்த்து அடுப்பில் போட்டாள்.

சரி, ரோட்டிலேயே மெதுவாக ஓட்டலாம் என்று பார்த்தேன். ஆசிரமத்துக்குப் பக்கத்தில் சைக்கிளில் பன் விற்கிற கிழவர் ஒருவர் என்னை முந்திக்கொண்டு போனார். என்ன பால்காரரே, பஞ்சரா என்று வேறு கேட்டார். அவரைத் துரத்திப் பிடித்து முந்தின பிறகுதான் என் மனசு ஆறிற்று. அந்த வருஷமும் குடம் தேரடிக்குத்தான் போயிற்று.

முந்துகிறவனை முந்தவிட்டுப் பேசாமல் இருப்பதற்கு ஒரு மனசு வேண்டும். அந்த மனசு அவருக்கு வாய்த்திருக்கிறது, எனக்கு வாய்க்கவில்லை என்று முடிவு கட்டினேன். குடத்தைக்கூட விட்டுவிடலாம். யார் முந்தினாலும், யார் சிரித்தாலும் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ராத்திரி படுத்தால் எனக்கு அதுதான் நினைப்பு.

எண்பதுகளில் ஊரில் மொபெட் வந்தது. சைக்கிள் ரேஸுக்குப் பேர் கொடுக்கப் பத்துப் பேர்கூடத் தேறவில்லை. ஒரு பொங்கலுக்குச் சங்கம் அதை நிறுத்திவிட்டு உறியடி வைத்தது. பட்டம் அவரிடமே தங்கிப்போயிற்று. இனி அதைப் பிடுங்க எனக்கு வழியே இல்லை. டாக்டரும் வயதாகி ஆஸ்பத்திரியை மூடிக்கொண்டு மகனோடு வேலூர் போவது என்றாயிற்று. கம்பவுண்டரும் அங்கேயே ஒரு மருந்துக்கடைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ சந்தோஷம் வரவில்லை.

கடைசி நாள் பால் ஊற்றப் போனபோது பின்னறையில் பலகையின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தார். அலமாரிகள் காலி. தலை நரைத்திருந்தது, கால் அதே புடலங்காய். எங்கள் வீட்டு எருமையிலிருந்து மாமியார் முட்டி வரைக்கும் விசாரித்து முடித்தார். எனக்குள் வருஷக்கணக்காக இருந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"ஏன் கம்பவுண்டரே, மலையைச் சுத்தி ரோடு கெடக்குது. வெள்ளைக்காரர் ஊர்ல பனி பேஞ்சு ரோடு மூடிக்கும், சரி. நம்மூர்ல இன்னா மூடிகிச்சு? எதுக்கு இந்த இருட்டுல வந்து மிதிச்சீங்க?"

திருகை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ரோட்டுலதாங்க ஆரம்பிச்சேன். நீங்க மொத குடம் வாங்கன அன்னிக்கு தேரடியில நானும் கூட்டத்துல நின்னுனு இருந்தேன். வீட்டுக்குப் போயி சோறு எறங்கல. நாமளும் வாங்கணும்னு செங்கம் ரோட்டுல காலையில ஓட்டுவேன். பின்னால காலி கேன் சத்தம் கேக்கும். நீங்க முந்திகினு போவீங்க. உங்க முதுகப் பாத்தா எனக்கு உள்ள பத்திகினு எரியும். மெதுவா போ, மெதுவா போன்னு மனசு சொல்லும், காலு கேக்காது. உங்கள தொரத்திகினு வந்து, ஆசிரமத்தாண்ட முடியாம எறங்கி, புளியமரத்தப் புடிச்சுகினு மூச்சு வாங்குவேன். தெனம் அப்டித்தான். நீங்க ஒரு நாளும் திரும்பிப் பாத்தது இல்ல."

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உங்கள பாக்கற வரைக்கும் என்னால மெதுவா ஓட்ட முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் உள்ள வந்து கதவ சாத்திகினேன். பொறாமைதான், வேற இன்னா?"

இதையும் அவர் ஒரே நிதானத்தில்தான் சொன்னார், ஊசி போடுகிற மாதிரி. வலித்தது பிறகுதான்.

நான் வாயு லிங்கத்திடம் கேட்டுக் கேட்டு ஏமாந்தது, கேட்பதற்கு முன்பே என் முதுகுக்குப் பின்னால் தினமும் நடந்திருக்கிறது. ஒரு தடவை கழுத்தைத் திருப்பியிருந்தால் பார்த்திருப்பேன். பொறாமையில் என்னை அடிக்க இந்த ஊரில் ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். அதிலும் எனக்கு முன்னால் அவர்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறார். நான் என் பொறாமையை டீக்கடையிலும் கொட்டகையிலும் பொங்கவிட்டேன். அவர் அதைச் சின்னத் தீயில் வைத்துக் காய்ச்சியிருக்கிறார்.

வாசலில் குடங்கள் கவிழ்த்து வைத்திருந்தன, ஒன்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. டம்ளரில் எடுத்து நீட்டினார். வாங்கிக் குடித்தேன். ஜில்லென்றுதான் இருந்தது.

"எருமை திரும்பவும் சினையா இருக்குதுன்னீங்களே, எப்ப கன்னு போடும்?" என்று கேட்டார்.

தை கடைசியில் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சைக்கிள்கூட ஏறவில்லை, நின்ற இடத்தில்தான் நின்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது.